மாமாவின் அடுப்புச் சாம்பல்

எங்கள் தொழிற்சாலையில் இரண்டு பொருள்கள் உற்பத்தியாகின்றன. ஒன்று பயோடீசல், இன்னொன்று என் மாமியாரின் எரிச்சல். பயோடீசலை வாங்க ஆள் இருக்கிறது. எரிச்சலை நான் ஒருத்திதான் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த வீட்டு மருமகளும் நானே, வேதியியல் படித்துவிட்டு அந்தத் தொழிற்சாலையின் லேபில் உட்கார்ந்திருப்பவளும் நானே.

எரிச்சலுக்குக் காரணம் கிளிசரின். என் கணவர் வேனை எடுத்துக்கொண்டு ஓட்டல் ஓட்டலாகப் போய், பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயைச் சேகரித்து வருவார். அதை வடிகட்டி, மெத்தனால் சேர்த்துக் காய்ச்சி பயோடீசலாக்குகிறோம். பத்து டிரம் பயோடீசலுக்கு ஒரு டிரம் கிளிசரின் அடியில் தங்கிவிடும். மருந்துக் கடையில் சின்ன பாட்டிலில் விற்கிறார்களே, அந்தப் பளிங்குக் கிளிசரின் என்று நினைத்துவிடாதீர்கள். இது பழுப்பாக, பிசுபிசுவென்று, சோப்பும் பழைய எண்ணெயும் கலந்த வாடையோடு இருக்கும். சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. மதிலோரமாக நாற்பத்தேழு டிரம் நின்றது. மாமியார் தினமும் காலையில் அந்த வரிசையைக் கடந்து வந்து, கடைசி டிரம்மைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். நாற்பத்தெட்டாவது டிரம் நான்தான் என்பது போல இருக்கும்.

அந்தக் கிளிசரினுக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். அதைச் சுத்தம் செய்து, டைமெத்தில் கார்பனேட் என்ற திரவத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் கிளிசரால் கார்பனேட் கிடைக்கும். பெயர் வாயில் நுழையாவிட்டால் போகட்டும். பெயிண்டும் பசையும் செய்கிறவர்கள் அதைத் தேடி வாங்குவார்கள் என்பது தெரிந்தால் போதும். சிக்கல் என்னவென்றால் இந்த இரண்டும் ஒட்டாது. கண்ணாடிக் குடுவையில் ஊற்றினால், கிளிசரின் கீழே, மற்றது மேலே என்று, கல்யாணத்தில் சண்டை போட்ட சம்மந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் நிற்கும். நடுவில் ஒரு வினையூக்கி வேண்டும். அது இருவரையும் பேசிச் சேர்த்துவிட்டு, தான் எதிலும் சேராமல் ஒதுங்கிக்கொள்ளும். சேர்ந்துவிட்டார்களா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். இரண்டு அடுக்கும் மறைந்து ஒரே திரவமாகத் தெளிந்து நிற்கும்.

கடையில் விற்கிற வினையூக்கியை வாங்கித் தரும்படி மாமியாரிடம் கேட்பதற்குப் பதில் கல்லிடம் கேட்கலாம். அதனால் விறகுச் சாம்பலைப் பிடித்துக்கொண்டேன். சாம்பலை இடித்து, சலித்து, பொட்டாசியம் உப்புக் கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, சின்ன மின் உலையில் சுட்டால், உப்பு சாம்பலின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேலை செய்வது உப்பு, அதைத் தாங்குவது மட்டுமே சாம்பல். அப்படித்தான் நான் நினைத்தேன், நோட்டிலும் எழுதினேன்.

சாம்பல் வந்தது என் மாமாவின் பேக்கரியிலிருந்து. மாமா என் அம்மாவின் தம்பி. கல்யாணமே செய்துகொள்ளாமல் விறகு அடுப்பைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறவர். 'முட்டை தொடாத கேக்' என்று ஒன்பது வருடங்களாக அவர் கடை வாசலில் பச்சை எழுத்தில் ஒரு பலகை தொங்கியது. மாவு கலக்கும் அறைக்குள் யாரையும் விடமாட்டார். தொழில் ரகசியம் என்பார். விறகுக்கடைக்காரரைத் தவிர உலகத்தில் அவருக்கு விரோதி கிடையாது. ஈர விறகைக் காய்ந்த விறகு என்று தலையில் கட்டுகிறார் என்பது மாமாவின் நெடுநாள் வழக்கு.

எங்கள் கல்யாணமே அந்தக் கேக்கால் நடந்தது. என் மாமியாருக்கு முட்டை ஆகாது. ஏழு வயதில் முட்டை தின்று முகம் வீங்கியதாம். அன்றிலிருந்து முட்டை என்ற பேச்சை எடுத்தாலே கழுத்தைச் சொறிந்துகொள்வார். அப்படிப்பட்டவர் நிம்மதியாகச் சாப்பிடுகிற ஒரே கேக் மாமாவுடையது. தினமும் சாயங்காலம் நாலரைக்கு இரண்டு துண்டு. முட்டையே தொடாத குடும்பத்தில் பெண் இருக்கிறதா என்று அவராகவே கேட்டு வந்து என்னை எடுத்துக்கொண்டார். எனக்கோ ஆம்லெட் இல்லாவிட்டால் அன்றைக்கு மூளை வேலை செய்யாது. ஆறு வருடங்களாக மதியம் யாருக்கும் தெரியாமல் ரோட்டைத் தாண்டி, எதிரிலிருக்கும் டீக்கடையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஆம்லெட் தின்றுவிட்டு, ஏலக்காய் மென்றுகொண்டு திரும்பி வருவேன். மாமாவின் கேக்கை மட்டும் வாயில் வைத்ததே கிடையாது. முட்டை இல்லாத கேக்கெல்லாம் ஒரு கேக்கா என்ற திமிர் எனக்கு. அந்தத் திமிர் எனக்கு எவ்வளவு பெரிய உண்மையை மறைத்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

மாமியாரின் இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த நாலரை மணிக்கு ஆபீஸ் மேசையில் டீயும் கேக்குமாக உட்கார்ந்து, என் லேப் நோட்டை வாங்கி, அன்றைய பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போடுவார். எழுதியதற்குச் சாட்சி வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆனால் ஒரு வரியும் படிக்கமாட்டார். பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். இடது கையில் கேக், வலது கையில் பேனா. நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்தில் ஒரு வெண்ணெய்க் கட்டைவிரல் ரேகை இருக்கும்.

நான் சாம்பலை வைத்து ஒன்பது முறை செய்து பார்த்தேன். ஒன்பது முறையும் ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு அடுக்கும் ஒன்றாகின. பெயிண்ட் கம்பெனிக்கு ஒரு சாம்பிள் அனுப்பினேன். நன்றாக இருக்கிறது, இதே தரத்தில் தொடர்ந்து மூன்று முறை செய்து அனுப்பினால் மேலே பேசலாம் என்று பதில் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமியாருக்குப் புரிந்தது.

"மாசக் கடைசிக்குள்ள மூணு தடவை வரிசையா செஞ்சு காட்டு. மூணாவது தடவை என் கண்ணு முன்னாடி செய்யணும். வரலைன்னா அந்த ரூம்ல டிரம் அடுக்கிக்கலாம். நீ ஆபீஸ்ல வந்து ஃபோன் எடு."

அந்த ரூம் என்பது என் லேப். பாய்லருக்குப் பின்னால், பத்தடிக்கு எட்டடி. ஜன்னல் ஒன்று, அதுவும் டிரம்களைப் பார்த்துத் திறக்கும். இருந்தாலும், எலி வளையானாலும் தனி வளை. அந்த வீட்டிலும் அந்தத் தொழிற்சாலையிலும் எனக்கென்று இருந்த ஒரே இடம் அதுதான். அதைப் பறித்துக்கொண்டு, எண்ணெய் எப்போது வரும், வண்டி எப்போது வரும் என்று நாள் முழுக்க ஃபோனில் பதில் சொல்ல வைத்தால் நான் செத்தே போவேன். இதை மாமியாரிடம் சொல்லவில்லை. மாமாவிடம் போய்ச் சொல்லி அழுதேன்.

அங்கேதான் பிடித்தது சனி. மாமா என் தலையைத் தடவி, இந்த முறை உனக்கு நான் விசேஷமான சாம்பல் தருகிறேன் என்றார். சொன்னபடி மறுநாளே ஒரு புது டின்னில் அனுப்பினார். சாம்பல் என்றால் அப்படி ஒரு சாம்பல். முகத்துக்குப் பவுடராகப் பூசிக்கொள்ளலாம்.

முதல் முறை செய்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது, இரண்டு மணி ஆனது, மூன்று மணி ஆனது. சம்மந்திகள் அசையவில்லை. கீழே பழுப்பு, மேலே தெளிவு, நடுவில் கோடு போட்டது போல எல்லை. வெப்பமானியைச் சந்தேகப்பட்டு மாற்றினேன். இரண்டாம் முறையும் அப்படியே. கிளிசரினில் தண்ணீர் இருக்கிறதோ என்று மறுபடி வற்ற வைத்தேன். மூன்றாம் முறையும் அப்படியே. உப்பு பழசு என்று புது பாட்டில் உடைத்தேன், கலக்கும் மோட்டாரை மாற்றினேன், என் கணவரோடு காரணமில்லாமல் சண்டை போட்டேன். ஐந்து முறை தோற்றாயிற்று. ஒவ்வொரு சாயங்காலமும் 'தோல்வி' என்று நானே என் கையால் எழுதிய பக்கத்தில் மாமியார் கேக்கைச் சுவைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பாய்லர் பார்க்கும் அண்ணன் ஒரு நாள் அளவுநாடாவோடு வந்து, சும்மாதாம்மா, எத்தனை டிரம் பிடிக்கும்னு பாக்கச் சொன்னாங்க என்று என் ரூமை அளந்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் மேசைக்கு அடியிலிருந்த குப்பை டின் கண்ணில் பட்டது. சாம்பலைச் சலிக்கும்போது சல்லடையில் தங்குகிற கப்பியை அதில்தான் கொட்டுவேன். பழைய சாம்பலின் கப்பி அதில் அரை டின் கிடந்தது. அதில் கரித்துண்டுகளோடு வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள் இருந்தன. அடுப்பின் உள்பூச்சு உதிர்ந்திருக்கிறது என்று நினைத்து இத்தனை நாளும் தூரப் போட்டுக்கொண்டிருந்தேன். புதிய சாம்பலைச் சலித்தபோது அந்த வெள்ளை ஒன்றுகூட வரவில்லை.

ஒரு சில்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மெல்லிசு. தட்டையாக இல்லை, லேசாக வளைந்திருந்தது. இன்னொன்றும் வளைந்திருந்தது. எல்லாமே வளைந்திருந்தன. அடுப்புப் பூச்சு இப்படி வளையாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சில்லு சூடாகி, உப்பி, பொடிந்து மாவானது. அது தண்ணீர் பட்டால் நீறிப்போகிற சுட்ட சுண்ணாம்பேதான். வளைவாக, மெல்லிசாக, சுட்டால் சுண்ணாம்பாகிற பொருள் எது என்று ஆறு வருடங்களாகத் தினமும் ஆம்லெட் தின்கிறவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியே எழுந்து பேக்கரிக்குப் போனேன். கல்லாவில் நின்ற மாமா தடுப்பதற்குள் மாவு கலக்கும் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மாவு மூட்டைகளுக்கு நடுவே அட்டைத் தட்டுகளில் முட்டைகள் வரிசை வரிசையாக இருந்தன. மூலையில் கட்டிப்போட்டிருந்த இரண்டு சாக்கில் ஓடுகள். பத்துப் பன்னிரண்டு நாள் ஓடு. நாற்றம் குடலைப் பிடுங்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் மாமா ஒரு நாளைக்கு நூற்றெண்பது முட்டையை மாவில் மறைத்திருந்தார்.

அவர் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார். அடுக்கடுக்காக உண்மையைக் கக்கினார். ஒன்பது வருடங்களுக்கு முன் பலகையை எழுதி மாட்டிய பிறகுதான் முட்டை இல்லாமல் செய்து பார்த்தாராம். செங்கல் மாதிரி வந்ததாம். பலகையோ நல்ல பலகை, எழுத்தும் அழகாக அமைந்துவிட்டது. பலகையை மாற்றுவதைவிடக் கேக்கை மாற்றுவது சுலபமாகப் பட்டதாம். ஓட்டைக் குப்பையில் போட்டால் தெருவே பார்க்கும் என்பதால், அன்றன்றைக்கு அடுப்பின் அடிக்கங்கில் கொட்டி எரித்துவிடுவார். அந்தக் கங்கின் சூட்டில் ஓடு வெந்து சுண்ணாம்பாகி, சாம்பலோடு கலந்து, என் குடுவைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

"அப்ப ஏன் மாமா இப்ப மட்டும் எரிக்கல?"

"நீதான கண்ணு சொன்ன, சாம்பல்ல என்ன இருக்குன்னு ஆராய்ச்சி பண்றேன்னு. மெஷின்ல வெச்சா எல்லாத்தையும் சொல்லிடுமாமே. அதான் உனக்குக் கெட்ட பேர் வரக்கூடாதுன்னு சுத்தமா எடுத்துக் குடுத்தேன்."

"மாமா, எங்க லேப்ல அந்த மாதிரி மெஷின் கிடையாது. அளந்து பாக்க ஒரு தராசும் ஒரு தெர்மாமீட்டரும்தான் இருக்கு."

மாமா சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம். பயத்தில் பாதியும் பாசத்தில் பாதியுமாகச் சேர்ந்து, என் வேலைக்கு உலை வைத்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் லேபுக்காக மட்டுமில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, ஆபீஸ் மேசையில் தினமும் முட்டை வந்து உட்கார்ந்திருக்க, நான் வெயிலில் ரோட்டைத் தாண்டி ஏலக்காய் மென்றிருக்கிறேன். ஆனால் கோபத்தின் அடியில் இன்னொன்றும் குமிழியிட்டது. மாமியார் ஒன்பது வருடங்களாக முட்டை தின்கிறார். ஒரு நாளும் எங்கும் வீங்கவில்லை. அதை நினைத்ததும் அந்த நாற்றத்திலும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துவிட்டேன். மாமாவும் பயந்து பயந்து சிரித்தார்.

இரண்டு நிபந்தனை போட்டேன். ஒன்று, பலகையை இன்றைக்கே இறக்க வேண்டும், கேட்கிறவர்களிடம் முட்டை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். என் மாமியாருக்கு மனசில்தான் வீங்குகிறது, நிஜமாகவே வீங்குகிறவர்கள் ஊரில் இருப்பார்கள். இரண்டு, ஓடு மொத்தமும் திரும்ப அடுப்புக்குள் போக வேண்டும். மாமா இரண்டுக்கும் தலையாட்டினார். சம்மந்தியம்மாவிடம் மட்டும் சோதனை முடிகிறவரை சொல்லாதே என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார். கெஞ்சியிருக்கவே வேண்டாம். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. தெரிந்தால் அவர் முதலில் பேக்கரியையும், அடுத்து என் லேபையும் சாத்துவார்.

அன்று சாயங்காலம் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். நான் வீட்டில் பொய் சொல்லியிருக்கிறேன், நோட்டில் எழுதியதில்லை. கடைசியில், 'சாம்பலில் வேலை செய்வது முட்டை ஓட்டுச் சுண்ணாம்பு. மூலம்: மாமாவின் கேக் அடுப்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். மேசைக்குக் கொண்டுபோனேன். மாமியார் பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தார். கேக்கை ஒரு கடி கடித்தார். கையெழுத்துப் போட்டார். வெண்ணெய்க் கட்டைவிரல் சரியாக 'முட்டை' என்ற சொல்லின் மேல் பதிந்தது.

அதற்குப் பிறகு எனக்குக் குளிர்விட்டுப்போனது. தினமும் எழுதினேன். 'இன்று அறுபது ஓடு', 'இன்று ஓட்டை மட்டும் தனியாகச் சுட்டுப் பார்த்தேன்', 'பொட்டாசியம் உப்பு இல்லாமலே செய்தேன், இன்னும் நன்றாக வருகிறது'. தாங்கி என்று நான் நினைத்த சாம்பல்தான் இத்தனை நாளும் உழைத்திருக்கிறது, மேலே ஏறி உட்கார்ந்திருந்த உப்பு சும்மா பேர் வாங்கியிருக்கிறது. குடும்பத்திலும் இப்படி நடப்பதுண்டு என்பதால் நான் ரொம்ப ஆச்சரியப்படவில்லை. எல்லாப் பக்கத்திலும் மாமியார் கையெழுத்துப் போட்டார். கேக்கை வெட்டிக் கொடுத்தது நான்தான். துண்டுகள் நாளுக்கு நாள் கொஞ்சம் பெரிதாயின என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வரிசையாக இரண்டு சோதனை வெற்றி. மூன்றாவது, மாதக் கடைசி நாள், அவர் கண் முன்னால்.

அன்றைக்கு மாமா தானே கேக்கோடு வந்தார். தன் சாம்பல் பரீட்சை எழுதுவதைப் பார்க்காமல் அவரால் கடையில் நிற்க முடியவில்லை. லேபுக்குள் தின்னக் கூடாது என்பதால் மாமியார் வாசலில் நாற்காலி போட்டு, மடியில் தட்டோடு உட்கார்ந்தார். குடுவையில் இரண்டு அடுக்கு. சாம்பலைப் போட்டேன், மோட்டார் சுற்றியது, வெப்பம் எழுபத்தைந்தில் நின்றது. ஒரு மணி நேரம் போனது. அதன்பின் நடுவிலிருந்த கோடு மங்கியது, மங்கி மங்கி ஓரிடத்தில் காணாமல் போனது. மோட்டாரை நிறுத்தினேன். சாம்பல் அடியில் படிந்தது. மேலே ஒரே திரவம், டீ நிறத்தில், தெளிவாக நின்றது.

மாமியார் எழுந்து வந்து கிட்டத்தில் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, ஆனால் தட்டைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதை மறந்து லேபுக்குள் வந்துவிட்டார். அவருக்கு அது பெரிய விஷயம். பிறகு வாசலுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, நான் பயந்த கேள்வியைக் கேட்டார்.

நடுவில் ஐந்து முறை ஏன் வரவில்லை, இந்தச் சாம்பலில் அப்படி என்ன இருக்கிறது, நாளைக்கு அந்த அடுப்பு அணைந்தால் தொழிற்சாலை என்ன செய்யும் என்று கேட்டார். நான் தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னேன். சுண்ணாம்பு, அத்தை. பொய் இல்லை. சுண்ணாம்பு விறகில் எப்படி வந்தது என்றார். சில மரத்தில் கொஞ்சம் இருக்கும் என்று இழுத்தேன். அதுவும் பொய் இல்லை. மாமியார் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டு, நிதானமாகத் தலையாட்டினார்.

"அப்ப பெருமையெல்லாம் அந்த விறகுக்கடைக்காரருக்குத்தான். நல்ல விறகாப் பாத்துக் குடுத்திருக்கார். அவரையே கூப்பிட்டுப் பேசிடறேன்."

மாமாவின் முகம் அடுப்பு வாய் போலச் சிவந்தது. நான் கண்ணைக் காட்டினேன், காலை மிதித்தேன். பயனில்லை. ஒன்பது வருடங்கள் அடக்கி வைத்த மனுஷனை, ஈர விறகு விற்றவனுக்குப் போன பெருமை ஒரே நொடியில் உடைத்துவிட்டது.

"அவன் விறகுல என்ன சம்மந்தியம்மா இருக்கு, தண்ணிதான் இருக்கு. அது என் முட்டை ஓடு. தினம் நூத்தியெண்பது முட்டை, என் கையால உடைச்சது."

பாய்லர் அண்ணன்கூடத் திரும்பிப் பார்த்தார். மாமியார் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். வாயிலிருந்ததை விழுங்குவதா வேண்டாமா என்று ஒரு நிமிடம் யோசித்தது தெரிந்தது. விழுங்கினார். துண்டைத் தட்டில் வைத்தார். கை தானாகக் கழுத்துக்குப் போய்ச் சொறிய ஆரம்பித்தது.

"ஒம்பது வருஷமா வராதது இப்பவும் வராது அத்தை" என்றேன்.

சொறிந்த கை நின்றது. மாமாவை அவர் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"பதினோரு நாளா."

"பதினோரு நாளும் எனக்கு நீதான வெட்டிக் குடுத்த?"

அதுவரை எனக்கு எல்லாமே விளையாட்டாக இருந்தது. அந்தக் கேள்வியை அவர் கத்திக் கேட்டிருந்தால் அப்போதும் விளையாட்டாகவே இருந்திருக்கும். மெதுவாகக் கேட்டார். கையிலிருந்து வாங்கித் தின்கிற குழந்தை கேட்பது போல இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. லேப் போனால் போகட்டும் என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியது. நோட்டை எடுத்து, பதினோரு நாளுக்கு முந்தைய பக்கத்தைத் திறந்து, அவர் மடியில் வைத்தேன்.

"சொல்லலை, அது தப்புதான் அத்தை. ஆனா எழுதாம மறைக்கலை."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஆறு வருடங்களில் முதல் முறையாக என் நோட்டைப் படித்தார். முதல் பக்கம், அடியில் அவர் கையெழுத்து, 'முட்டை' என்ற சொல்லின் மேல் அவர் கட்டைவிரல். இரண்டாம் பக்கம், கையெழுத்து. அறுபது ஓடு, கையெழுத்து. பதினோரு பக்கத்தையும் விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தார். புரியாத இடத்தில் நிறுத்தி என்னிடம் கேட்டார், நான் சொன்னேன். ஏழாவது பக்கத்தில் அவர் இடது கை, அவருக்கே தெரியாமல், தட்டுக்குப் போய் அந்தப் பாதித் துண்டை எடுத்தது. மாமா மூச்சை நிறுத்திக்கொண்டார். பதினோராவது பக்கம் முடிந்தபோது தட்டு காலி.

அவர் நோட்டை மூடினார்.

"டிரம்மை வேற எடத்துல அடுக்கச் சொல்லு" என்று பாய்லர் அண்ணனிடம் சொன்னார். மாமாவிடம், பலகை எங்கே என்றார். பதினோரு நாளாக இறக்கித்தான் வைத்திருக்கிறேன் என்று மாமா சொன்னதும், அதையும் தான் கவனிக்கவில்லை என்பதில் அவருக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் கூடியது. நோட்டை என்னிடம் நீட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். இரவு சாப்பாட்டில் என்னிடம் பேசவில்லை. என் கணவர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நமக்கேன் வம்பு என்று சோற்றைப் பார்த்துச் சாப்பிட்டார். லேப் பிழைத்த சந்தோஷத்தை என்னால் அனுபவிக்க முடியவில்லை. மாமியார் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் அடுப்படியில் என்னவோ பொரிகிற சத்தம். போய்ப் பார்த்தால், மாமியார் தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கிறார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கையை நீட்டித் தூரத்தில் நின்று, பாம்பைத் திருப்புகிறவர் மாதிரி ஓர் ஆம்லெட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். பாதி கல்லிலும் பாதி அடுப்பிலுமாகக் கிடந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள், அன்றைக்கு அவர் உடைத்தது நாலு முட்டை, அதில் இரண்டு தரையில்.

தட்டில் போட்டு என் முன்னால் நகர்த்தினார்.

"ரோட்டைத் தாண்டிப் போயி நீ என்ன சாப்பிடறேன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? ஏலக்கா வாசனை ஆபீஸ் வரைக்கும் வரும். ஆறு வருஷமா நானும் உன்கிட்ட சொல்லலை."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆம்லெட்டில் உப்பே இல்லை. முழுதும் சாப்பிட்டேன். கை கழுவ எழுந்தபோது பார்த்தேன், சமையல் மேடையில் ஒரு கிண்ணத்தில் நாலு ஓடும் கழுவி, கவிழ்த்து, காய வைக்கப்பட்டிருந்தன. குப்பை என்று நினைத்துக் கையை நீட்டினேன். மாமியார் என் கையைத் தட்டிவிட்டார்.

"அதைத் தூரப் போட்டுடாத. ஃபேக்டரிக்கு."